அத்தியாயம் 6: வானவில் பேரணி போனதற்கு வழக்கு வந்தால்

இந்த அத்தியாயம் இரண்டு பேருக்காக எழுதப்பட்டது. ஒருவர், தன் ஊரில் பேரணியோ ஆர்ப்பாட்டமோ நடத்தத் திட்டமிடுபவர். இன்னொருவர், நடத்தி முடித்து இரண்டு வாரம் கழித்து ஸ்டேஷனிலிருந்து போன் வந்த பிறகு பதற்றத்தோடு இதைப் புரட்டுபவர். இரண்டாமவர் நேராக மூன்றாம் கட்டத்துக்குப் போய்விடலாம்.

தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய பழைய 377-ஆம் பிரிவுக்கு இணையான பிரிவே கிடையாது. ஆகவே உங்கள் மேல் வழக்கு வந்தால், அது நீங்கள் யார் என்பதற்காக வராது. தெருவில் கூடியதற்காக வரும். அரசியல் கட்சிக்காரர்கள் மேலும் தொழிற்சங்கத்தினர் மேலும் போடும் அதே பிரிவுகள்தான்.

ஆனால் விளைவு ஒன்றல்ல. கட்சிக்காரர் வீட்டுக்குப் போலீஸ் வந்தால் அது அவருக்குப் பெருமை. நம்மில் பலருக்கு அதுதான் வீட்டில் எல்லாம் தெரியவரும் நாள். ஆறு மாதத் தண்டனை என்று சட்டம் சொல்லும் வழக்கில், அந்த ஆறு மாதத்தை அனுபவித்தவர்கள் மிகக் குறைவு. ஒரு ஏட்டு வாசலில் நின்று அப்பாவிடம் பேசியதால் படிப்பை, வேலையை, வீட்டை இழப்பதுதான் உண்மையான தண்டனை. அதனால் இந்த அத்தியாயம் முழுக்க ஒரே வரிசையைப் பின்பற்றுகிறது: தகவல் யாருக்குப் போகிறது என்பதை முதலில் பாருங்கள், பிரிவு எண்ணைப் பிறகு பாருங்கள்.

வழக்கமாகப் போடும் பிரிவுகள்

கீழே உள்ளவை நியாய சன்ஹிதாவின் எண்கள். அடைப்புக்குள் பழைய தண்டனைச் சட்ட எண்.

• 189(2) (143): சட்டவிரோதமாகக் கூடுதல். ஐந்து பேர் இருந்தால் போதும். ஆறு மாதம் வரை.
• 223 (188): அதிகாரியின் உத்தரவை மீறுதல். சாதாரணமாக ஆறு மாதம் வரை. உயிருக்கோ பொது அமைதிக்கோ ஆபத்து என்று சொன்னால் ஒரு வருடம் வரை.
• 126(2) (341): வழிமறித்தல். ஒரு மாதம் வரை.
• 285 (283): பொது வழியில் இடையூறு. அபராதம் மட்டும்.
• 296 (294): பொது இடத்தில் ஆபாசம். மூன்று மாதம் வரை. உடையையும் பதாகை வாசகத்தையும் காட்டி இதைச் சேர்ப்பார்கள்.

இவை எல்லாமே ஜாமீனில் விடக்கூடியவை. இவற்றோடு நின்றால் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியவை இரண்டு. 132 (353): பணியில் இருக்கும் அரசு ஊழியரைத் தாக்குதல். போலீஸ்காரர் கையைத் தட்டிவிட்டாலே இதைச் சேர்க்க முடியும். ஜாமீனில் விட முடியாத பிரிவு. அடுத்தது முழக்கத்தின் பேரில் வரும் பிரிவுகள்: 196 (153ஏ), 152 (பழைய தேசத்துரோகப் பிரிவின் இடத்தில் வந்தது).

இரண்டாவது எப்படி வரும் என்பதற்கு மும்பை உதாரணம் இருக்கிறது. 2020-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டப் போராட்டங்களைக் காட்டி, வழக்கமான பிரைடு ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி மறுத்தது. பிப்ரவரி 1-ல் ஆசாத் மைதானத்தில் கூட்டமாக மட்டும் நடந்தது. அங்கே சிலர் எழுப்பிய ஒரு முழக்கத்தின் வீடியோ பரவியது. ஒரு மாணவர் உட்பட 51 பேர் மேல் தேசத்துரோக வழக்கு. செஷன்ஸ் நீதிமன்றம் அந்த மாணவருக்கு முன்ஜாமீன் மறுத்தது. சில நாட்களில் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு தந்தது. சிலரின் முழக்கத்துக்கு 51 பேர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு முதல் கட்டத்தைப் படியுங்கள்.

முதல் கட்டம்: நடத்துவதற்கு முன்

1. அனுமதி கேளுங்கள். சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888-ன் 41-ஆம் பிரிவின்படி, ஐந்து நாட்களுக்கு முன்பே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். மாவட்டங்களில் 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவைச் சொல்வார்கள். ஐந்து நாள் என்று சட்டம் சொன்னாலும், மறுத்தால் உயர் நீதிமன்றம் போக நேரம் வேண்டும். மூன்று வாரம் முன்பே கொடுங்கள்.

2. விண்ணப்பத்தில் தேதி, தொடங்கும் முடியும் நேரம், பாதை, எதிர்பார்க்கும் கூட்டம், ஒலிபெருக்கி உண்டா என்பது தெளிவாக இருக்கட்டும். சென்னையில் எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம், வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுமதி கிடைப்பது எளிது. மெரினாவைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

3. நகலில் ஸ்டேஷன் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். ‘வாங்கிக்கிட்டோம், போங்க’ என்ற வாய்வார்த்தை போதாது. முத்திரை தர மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு ஒரு பிரதி அனுப்புங்கள்.

4. யார் கையெழுத்துப் போடுவது என்பதில் அவசரப்படாதீர்கள். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர்தான் வழக்கு வந்தால் முதல் எதிரி, போலீஸ் மொழியில் ஏ-1. வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டவர், சொந்த முகவரி உள்ளவர், அரசு வேலையில் இல்லாதவர், அடுத்த ஒரு வருடத்தில் வெளிநாடு போகத் திட்டமில்லாதவர் போடட்டும். உற்சாகமாக முன்வரும் கல்லூரி மாணவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

5. அனுமதி மறுத்தால் எழுத்தில், காரணத்தோடு கேளுங்கள். காரணம் எழுத்தில் வந்தால் ரிட் மனு போடலாம். தென்மாவட்டங்களுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

6. முழக்கங்களை அச்சடித்துக் கொடுங்கள். மைக் யார் கையில் என்பதை இரண்டே பேருக்கு ஒதுக்குங்கள். தொடக்கம் முதல் கடைசிவரை இருவர் வெவ்வேறு இடத்திலிருந்து வீடியோ எடுக்கட்டும். பின்னால் யாராவது வெட்டி ஒட்டிய பத்து விநாடி வீடியோவைக் காட்டினால், உங்கள் கையில் முழுசு இருக்க வேண்டும்.

7. இரண்டு வழக்கறிஞர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர்கள் பேரணியில் நடக்க வேண்டாம். போன் எடுத்தால் போதும். ஜாமீன்தாரர்களையும் இப்போதே பேசி வையுங்கள். ரேஷன் கார்டு, சொத்து வரி ரசீதோடு வந்து நிற்க அப்பா அம்மா இல்லாதவர்கள் நம்மில் நிறையப் பேர். நண்பரின் அம்மா, அலுவலகத்து அக்கா என்று நான்கு பெயர்களாவது வேண்டும்.

குறிப்பு: அரசு ஊழியர்கள் கலந்துகொள்ள விரும்பினால் நடத்தை விதிகளில் ஆர்ப்பாட்டங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதையும், 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் பணியிடை நீக்கம் என்று கருதப்படுவதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வருவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

பையில் என்ன இருக்கலாம்

இருக்க வேண்டியவை: அடையாள அட்டையின் நகல், தண்ணீர், கொஞ்சம் பணம், தினமும் சாப்பிடும் மாத்திரைகள் மருந்துச் சீட்டோடு. வழக்கறிஞர் எண்ணைப் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள். போனைப் பிடுங்கிவிட்டால் யாருக்கும் எண் ஞாபகம் வராது.

போனில் டேட்டிங் ஆப்களை அழித்துவிட்டு வாருங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் மற்றவர்களின் பெயரும் படமும் இருக்கும். உங்கள் போன் மாட்டினால் அவர்களும் மாட்டுவார்கள். விரல்ரேகைப் பூட்டை அணைத்து எண் பூட்டு வையுங்கள்.

ஆணுறை, பாலியல் நலத் துண்டறிக்கை விநியோகிப்பதாக இருந்தால் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வெளியிட்டவற்றை மட்டும் வையுங்கள். 2001 ஜூலையில் லக்னோவில் எச்.ஐ.வி. தடுப்புப் பணியாளர்கள் நால்வரைப் போலீஸ் பிடித்தபோது, அவர்களிடம் இருந்த விழிப்புணர்வுப் பொருட்களையே ஆபாசமென்று காட்டியது. 47 நாள் சிறையில் இருந்தார்கள்.

இரண்டாம் கட்டம்: பிடித்துக்கொண்டு போனால்

தமிழ்நாட்டில் ஊர்வலத்தைத் தடுத்தால் பெரும்பாலும் லாக்கப்புக்குப் போவதில்லை. வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்திலோ சமூக நலக்கூடத்திலோ உட்கார வைப்பார்கள். மதியம் தக்காளி சாதப் பொட்டலம் வரும். எல்லோரும் தளர்ந்து சிரித்துப் பேசத் தொடங்கும் நேரத்தில் ஒரு காவலர் நீள நோட்டோடு வரிசையாக வருவார். ‘பேரு? அப்பா பேரு? வயசு? அட்ரஸ்? போன் நம்பர்?’ கேட்கிற தொனி சாதாரணமாக இருக்கும். மாலையில் வெளியே விடுவதற்கான கணக்கு என்று எல்லோரும் நினைப்பார்கள். அந்த நோட்டில் இருக்கும் பட்டியல்தான் பிறகு எஃப்.ஐ.ஆரில் எதிரிகள் பட்டியலாக மாறும்.

இந்த ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியது:

1. பொய்ப் பெயர், பொய் முகவரி கொடுக்காதீர்கள். சாதாரண வழக்கு தேவையில்லாமல் கடினமாகிவிடும்.

2. நீங்கள் இப்போது உண்மையில் வசிக்கும் முகவரியைச் சொல்லுங்கள். விடுதியிலோ வாடகை அறையிலோ இருந்தால் அதுவே உங்கள் முகவரி. ஆதாரில் இருக்கும் ஊர் வீட்டு முகவரியை நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

3. தகவல் தெரிவிக்க வேண்டிய ஆள் என்று கேட்டால், நம்பகமான நண்பர் பெயரைக் கொடுங்கள். முறைப்படி கைது என்றால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 48-ஆம் பிரிவு உறவினர், நண்பர், அல்லது கைதானவர் குறிப்பிடும் வேறொருவருக்குத் தகவல் தரச் சொல்கிறது. ‘அப்பா நம்பர் குடுப்பா’ என்பது வழக்கம்தான். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ‘சார், இவங்களுக்குச் சொல்லுங்க, 48-ஆம் பிரிவுப்படி நான் சொல்ற ஆளுக்குச் சொன்னா போதும்’ என்று பணிவாக, ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

4. வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். படிக்காமல் எதிலும் வேண்டாம். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திடத் தேவையில்லை.

5. திருநங்கையர், திருநம்பியர்: மாறிய பெயரில் அட்டை இருந்தால் அதையே காட்டுங்கள். சோதனை யார் செய்ய வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்பதை மற்றவர்கள் முன் சத்தமாகக் கேளுங்கள். சாட்சிகள் இருக்கட்டும்.

6. போனைக் கேட்டால் நீங்களாகத் திறந்து கொடுக்காதீர்கள். எடுத்துக்கொண்டால் கைப்பற்றியதற்கான மகஜரில் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.

கோபம் வரும். கேலி செய்வார்கள், நடையைக் கிண்டலடிப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு கை நீண்டுவிட்டால் 132 வந்துவிடும். கேலி செய்தவரின் பெயர்ப் பட்டையையும் நேரத்தையும் நினைவில் வையுங்கள். அதற்குத் தனி வழி உண்டு. 2021 ஜூன் 7-ல் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, 2022-ல் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரை மட்டுமல்ல, அவர்கள் நலனுக்காகப் பணியாற்றுபவர்களையும் போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்கிறது அந்த விதி. முறைப்படியான விசாரணைக்கு அது தடையல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புகாரை மாநகரக் காவல் ஆணையருக்கோ மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ எழுத்தில், 24-சி என்று குறிப்பிட்டு, வெளியே வந்த பிறகு அனுப்புங்கள். மண்டபத்துக்குள் அந்தச் சண்டை வேண்டாம்.

முறைப்படி கைது என்றால்

அடைப்புக்குள் இருப்பவை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் எண்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் (47). கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து இருக்க வேண்டும் (36). விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம் (38). 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் (58). பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்ய, பெண் அதிகாரியும் நடுவரின் முன் அனுமதியும் வேண்டும் (43(5)). ஆனால் இந்த விதி, மீறினால் கைதே செல்லாது என்ற அளவுக்குக் கட்டாயமானதல்ல என்று மதுரைக் கிளை 2025-ல் கூறியிருக்கிறது. ஆகவே அதை நம்பி இரவில் தைரியமாக நிற்க வேண்டாம்.

மருத்துவப் பரிசோதனையை ஒரு சடங்காக நினைத்து ‘ஒண்ணுமில்ல டாக்டர்’ என்று சொல்லிவிடாதீர்கள். அடிபட்டிருந்தால் எங்கே, எதனால் என்று சொல்லி எழுத வையுங்கள். ஹார்மோன் சிகிச்சை எடுப்பவர்கள் மருத்துவரிடம் மட்டும் சொல்லுங்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல், எச்.ஐ.வி. நிலையைச் சொல்லுமாறு யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் அதைத் தடுக்கிறது. மாத்திரை வேளை தவறக்கூடாது என்று மட்டும் சொன்னால் போதும்.

நடுவர் முன் நிறுத்தும்போது ‘ஏதாவது சொல்ல வேண்டுமா?’ என்று கேட்பார். அடி, அவமதிப்பு, மருந்து கொடுக்காதது எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய இடம் அதுதான். வழக்கறிஞர் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரைக் கேளுங்கள்; காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசம். வெளியே இருப்பவர்கள் 15100-ல் அழைக்கலாம்.

மூன்றாம் கட்டம்: ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால்

மாலையில் விட்டுவிட்டார்கள், முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். சில வாரம் கழித்து ஸ்டேஷன் ரைட்டர் கூப்பிடுவார்.

1. போனில் எதையும் விவரிக்காதீர்கள். ‘எழுத்தில் நோட்டீஸ் கொடுங்க சார், வந்துடறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)-ன் கீழ் நோட்டீஸ் கொடுப்பதே முறை. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நோட்டீஸை எந்த முகவரியில் வாங்கிக்கொள்வீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஊர் வீட்டுக்கு ஆள் போவதைத் தடுக்கும் வாக்கியம் இதுதான்.

2. எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தேடுங்கள். வழக்கமான வழக்குகளை 24 மணி நேரத்துக்குள் பதிவேற்ற வேண்டுமென்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

3. அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: பிரிவுகள், பெயர்ப் பட்டியல், பட்டியலின் கடைசியில் ‘மற்றும் பலர்’ என்ற சொல். அந்தச் சொல் இருந்தால் இன்னும் யாரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். வந்திருந்த எல்லோருக்கும் தனித்தனியே சொல்லுங்கள், குழுவில் எஃப்.ஐ.ஆர். படத்தைப் போட்டுப் பரப்பாதீர்கள். அதில் எல்லோர் முகவரியும் இருக்கிறது.

4. ஜாமீனில் விட முடியாத பிரிவு இருந்தால் அன்றைக்கே முன்ஜாமீன் மனு. நோட்டீஸுக்கு நேரில் போகும்போது வழக்கறிஞரோடு போங்கள்.

எச்சரிக்கை: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யும் மனு. புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 என்றால் முன்ஜாமீன். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. அனுபவசாலிகள் பழக்கத்தில் பழைய எண்ணைச் சொல்வார்கள். எண்ணை விட்டுவிட்டு, மனுவின் நோக்கத்தைக் கேளுங்கள்.

படம் பத்திரிகையில் வந்து, வீட்டைவிட்டு வந்துவிட்டீர்கள், பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுத்துவிட்டார்கள் என்றால் அது வேறு விஷயம். 18 வயது முடிந்தவர் ஸ்டேஷனில் விருப்பத்தைச் சொன்னதும், வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடித்துவிட வேண்டும் என்பது சுஷ்மா வழக்கின் உத்தரவுகளில் ஒன்று. அந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

நான்காம் கட்டம்: நீதிமன்றம்

சம்மன் வந்ததும் வக்காலத்து கொடுத்துவிடுங்கள். ஒரு வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் பிடிவாரண்ட் வரும், பிறகு அதை ரத்து செய்ய மனு, மறுபடி ஜாமீன்தாரர். வர முடியாத நாளுக்கு முன்கூட்டியே ஆஜர் விலக்கு மனு போடச் சொல்லுங்கள்.

முதல் வாய்தாவிலேயே ஒரு யோசனை வரும், சில நேரம் நல்லெண்ணத்தோடு: ‘குற்றத்தை ஒத்துக்கிட்டு ஐந்நூறு ரூபாய் கட்டிடுங்க, இன்னைக்கே முடிஞ்சிடும்.’ செய்யாதீர்கள். அபராதம் கட்டியது தண்டனை பெற்றதாகவே பதிவாகும். அரசு வேலை விண்ணப்பத்தில், போலீஸ் சரிபார்ப்பில், விசா படிவத்தில் ஒவ்வொரு முறையும் அதை எழுத வேண்டியிருக்கும். பேரணி வழக்குகளில் நம்மவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது இதுதான். களைப்பில், வீட்டுக்குத் தெரியாமல் முடிந்தால் போதும் என்ற பயத்தில் செய்துவிடுகிறார்கள்.

அதற்குப் பதில் ரத்து மனு போடுங்கள். கையில் இருக்கும் வலுவான ஆயுதம், 2018 செப்டம்பர் 20-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஜீவானந்தம் வழக்கில் தந்த தீர்ப்பு. பழைய 188-ன் கீழ் போலீஸ் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தால்தான் வழக்கை ஏற்க முடியும் என்றது அது. அமைதியாகக் கூடிப் போராடியதை மட்டும் வைத்து 143 போட முடியாது என்றும் சொன்னது. அதையும் எழுதியவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ்தான். எழுத்துப் புகார் வேண்டும் என்ற நிபந்தனை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 215-ஆம் பிரிவாக அப்படியே இருக்கிறது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் போலீஸ் இதே பிரிவுகளில் வழக்குப் போடுகிறது. யாராவது மனு போட்டால்தான் ரத்தாகிறது. ஆளுக்கொரு மனு போட்டுச் செலவு செய்யாமல், ஒரே எஃப்.ஐ.ஆரில் இருப்பவர்கள் சேர்ந்து போடுங்கள்.

‘ஒரு வருஷம் சார்ஜ் ஷீட் போடலைன்னா கேஸ் தானா செத்துடும்’ என்று பலர் சொல்வார்கள். பழைய சட்டத்தில் அந்த வாதத்தில் பல வழக்குகள் ரத்தானது உண்மை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள்: காலக்கெடுவுக்கு எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியையே எடுத்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலைக்குப் பிந்தைய வழக்குகளில் அந்தப் பழைய நம்பிக்கையில் சும்மா இருந்துவிடாதீர்கள்.

வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் விண்ணப்பித்தால் மறைக்காதீர்கள். வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி விண்ணப்பிக்க வழி இருக்கிறது. மறைத்தது தெரிந்தால் அது தனிச் சிக்கல். அரசே வழக்குகளைத் திரும்பப் பெறுவதும் உண்டு. குடியுரிமைத் திருத்தச் சட்டம், வேளாண் சட்டங்கள், கூடங்குளம் போராட்டங்களில் போட்ட வழக்குகளை 2021-ல் தமிழ்நாடு அரசு திரும்பப் பெற்றது. உங்கள் வழக்கையும் சேர்க்கும்படி உள்துறைக்கு அமைப்பின் பெயரில் மனு அனுப்பி வைக்கலாம். அதற்காக நீதிமன்றத்தில் செய்ய வேண்டியதை நிறுத்தாதீர்கள்.

ரத்தான பிறகு செய்ய வேண்டியவை

1. தீர்ப்பின் சான்றிட்ட நகல் நான்கு வாங்குங்கள்.
2. ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். உங்கள் பெயருக்கு எதிரே வழக்கு முடிந்ததாகப் பதியச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அது பெரும்பாலும் நடக்காது.
3. கைப்பற்றிய போன், பதாகை, ஒலிபெருக்கியைத் திரும்பப் பெற மனு போடுங்கள்.
4. ஆறு மாதம் கழித்துக் காவல்துறை இணையதளத்தில் நன்னடத்தைச் சான்றுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். பழைய வழக்கு இன்னும் வந்து நின்றால், நகலை இணைத்துக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.